பூஜ்யம் எடுத்தவள்

எழுபத்தொன்று.

கோமதி மூன்றாவது முறையாகத் திரையைப் பார்த்தாள். எண் மாறவில்லை. மாறாது என்று அவளுக்குத் தெரியும். நோக்கமானியைப் பராமரிப்பவளே அவள்தான்.

நாற்பதைத் தாண்டினால் விசாரணை. விசாரணையில் உறுதியானால் அன்றைய படகிலேயே ஆளை ஏற்றிவிடுவார்கள். உரிமத்தில் ஒரு வரி எழுதப்படும். அந்த வரி இருக்கும்வரை எந்தக் கடல்மேடையும் அந்த ஆளைச் சேர்க்காது. எண் ஜெரோபினுடையது. அவருக்கு நாற்பத்தாறு வயது. பதினாறு வயதிலிருந்து தண்ணீருக்கு அடியில் வேலை பார்ப்பவர். கரையில் அவருக்குச் செய்யத் தெரிந்தது என்று ஒன்றும் இல்லை.

விசாரணை பதினொரு மணிக்கு. படகு நாலு மணிக்கு.

ஒன்பதாம் மேடை தூத்துக்குடியிலிருந்து முப்பது கடல் மைல் தள்ளி, நான்கு இரும்புக் கால்களில் நின்றது. கடலடி நீரோட்டத்தில் சுழலும் விசிறிகளிலிருந்து மின்சாரம் எடுக்கிற மேடை. நூற்றுப் பன்னிரண்டு பேர், பதினோரு நாட்டவர். ஆரம்பத்தில் கம்பெனி ஒரு பட்டியல் வைத்திருந்தது. எந்த மொழியில் எந்தச் சொல் இன்னோர் இனத்தாரைப் புண்படுத்தும் என்ற பட்டியல். அது ஒன்பதாயிரம் சொற்களுக்கு வளர்ந்தது. ஓர் ஊரில் கொஞ்சலாக இருந்த சொல் இன்னோர் ஊரில் அடிதடியில் முடிந்தது. பட்டியலில் இல்லாத புதுச் சொற்கள் வாரத்துக்கு ஒன்றாக முளைத்தன.

அதற்குப் பிறகுதான் கழுத்துப் பட்டை வந்தது. ஒரு சொல் வாயைவிட்டு வருவதற்கு முந்தைய கணத்தில் தொண்டைத் தசையும் அங்கே ஓடும் ரத்தமும் என்ன செய்கின்றன என்று அது பார்க்கும். எதிரே இருப்பவரைத் தனக்குக் கீழே வைக்கும் எண்ணம் இருந்தால் எண் ஏறும். பட்டியலில் உள்ள சொல் காதில் விழுந்தால் மட்டும் மானி விழித்துக்கொள்ளும். மற்ற பேச்சை அளக்காமல் பதிந்து மட்டும் வைக்கும். தண்டனை சொல்லுக்கு இல்லை, எண்ணத்துக்குத்தான் என்று விதி மாறியது. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. கோமதிக்கு அந்த விதி பிடித்திருந்தது. அளக்க முடிந்த எதுவும் அவளுக்குப் பிடிக்கும்.

நேற்று மதியம் மூன்று மணிக்கு அந்தச் சொல் வந்தது.

விசிறிகளின் தலைமைப் பொறியாளர் அதியாம்போ ஐம்பது மீட்டர் ஆழத்தில் இருந்தார். கென்யாவைச் சேர்ந்த பெண். அவருடைய காற்றுக்குழாய் ஒரு கம்பியில் சிக்கிக்கொண்டது. சிக்கலை எடுத்த பிறகும் அவர் மேலே வரவில்லை. வந்த வேலையை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். மேலே கயிற்றைப் பிடித்திருந்த ஜெரோபின் பொது அலைவரிசையில் கத்தினார். மேடை முழுவதும் கேட்டது.

"ஏட்டி கருவாச்சி! அத விட்டுட்டு மேல வா! வான்னு சொல்லுதேன்ல, கருவாச்சி!"

அதுவரை அவரை 'மேடம்' என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டறியாத மனிதர்.

காலையில் சாப்பாட்டுக்கூடத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. கோமதி மூலை மேசையில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். அதியாம்போ தட்டோடு வந்து எதிரே நாற்காலியை இழுத்தார். கோமதி எழுந்துகொண்டாள்.

"நீங்க உக்காருங்க மேடம். எனக்கு வேலை இருக்கு."

அதியாம்போ தலையை ஆட்டினார். கோமதி கூச்சக்காரி என்பது மேடையில் எல்லோருக்கும் தெரியும். மூன்று பேர் இருக்கும் இடத்தில் அவள் குரல் எழும்பாது. வேலைக்கு எடுத்தபோதே, "மிஷினோட இருக்கிற வேலைதான், மனுஷங்களோட இல்ல" என்று சொல்லித்தான் எடுத்தார்கள்.

ஒன்பது மணிக்கு அதியாம்போ மானி அறைக்கு வந்தார். பதிவைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. கோமதி காதொலிப்பானைக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார்.

"பக்கத்துல நின்னு கத்துன மாதிரியே இருக்குதுங்க." கோயமுத்தூரில் ஆறு வருடம் படித்தவர். அந்த ஊர்ப் பேச்சு அப்படியே ஒட்டியிருந்தது. "நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம்."

"என்ன தோணுச்சு?"

"எனக்கு எதுவும் தோணக் கூடாது மேடம். எண் மட்டும்தான்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. காதொலிப்பானை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கோமதி அதன் பஞ்சு உறைகளைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். புது உறை மாட்டினாள்.

பத்து மணிக்கு ஜெரோபின் வந்தார். குளிக்கவில்லை போலிருந்தது. வியர்வை வழிய அதே காதொலிப்பானை மாட்டிக்கொண்டு தன் குரலைக் கேட்டார். கழற்றி அவளிடம் நீட்டினார்.

"தங்கச்சி, எழுவத்தொண்ணுன்னா ரொம்பவா?"

"ரொம்பதான் அண்ணாச்சி."

"அவ்வளவு கேவலமா நான் நெனச்சேனா அந்தப் பொம்பளய?" அவர் அவளைக் கேட்கவில்லை, தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். "எனக்கே தெரியாம நெனச்சிருப்பேனோ?"

அந்தக் கேள்வி அவர் போன பிறகும் அறையிலேயே நின்றது. கோமதி காதொலிப்பானை மாட்டிக்கொண்டு அவருடைய பழைய கோப்பைத் திறந்தாள். ஒவ்வொருவருக்கும் வேலையில் சேரும் நாளில் பூஜ்யம் எடுப்பார்கள். மனதில் எதுவும் இல்லாமல் சாதாரணமாகப் பத்து நிமிடம் பேச வேண்டும். அந்தப் பேச்சில் தொண்டை எப்படி இருக்கிறதோ அதுதான் அந்த ஆளின் பூஜ்யம். பிறகு வருவதையெல்லாம் மானி அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும்.

ஜெரோபினின் பூஜ்யம் ஓடத் தொடங்கியது.

"அன்பார்ந்த பணியாளர்களே. மேடையின் விளிம்பில் நடக்கும்போது பாதுகாப்புக் கச்சையை அணிந்துகொள்வீர்களாக."

கோமதிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. பாதுகாப்பு அறிவிப்பை அவர் கையில் கொடுத்து, "இதப் பத்தி சாதாரணமாப் பேசுங்க அண்ணாச்சி" என்றாள். ஜெரோபின் தன் ஊர் மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் வாசகம் படிப்பவர். கையில் ஒரு தாள், எதிரே ஒலிவாங்கி. எழுந்து நின்றார், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார், வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நிறுத்தி நிதானமாக, மூச்சு பிசகாமல், பத்து நிமிடம்.

உட்காருங்கள், சும்மா பேசுங்கள் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். கூச்சமாக இருந்தது. வெளியே இன்னும் பதினெட்டுப் பேர் நின்றார்கள். அப்படியே பதிந்துவிட்டாள்.

பீடத்தில் நின்று வாசிக்கும் குரல் அவருடைய பூஜ்யம். அதோடு ஒப்பிட்டால் அவர் "டீ கொண்டால" என்று சொல்வதுகூட அடிக்கப்போவது போலத்தான் மானிக்குத் தெரியும்.

மணி பத்து ஐம்பது.

*

மேடைத் தலைவர் வரதனின் அறையில் நாலு நாற்காலிகள். வரதன் நல்லவர், ஆனால் எதையும் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பவர். தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

"அதியாம்போ, நீங்க புகார் குடுக்கல. மானியா பதிஞ்சதுதான். எனக்கு அது பெருசாப் படலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, கரையில பேசிப் பாக்கறேன்."

"பெருசாத்தானுங்க பட்டுச்சு."

ஜெரோபின் தலையைக் குனிந்துகொண்டார்.

"தமிழ்ல நான் கத்துக்கிட்ட ரெண்டாவது வார்த்தை அதுங்க" என்றார் அதியாம்போ. "முதல் வார்த்தை தண்ணி. காலேஜ் பஸ்ல பின்சீட்டுல இருந்து தெனமும் வரும். அர்த்தம் என்னன்னு ரூம்மேட்டைக் கேட்டேன். அவ அழுதுட்டா."

"நானும் அதே நெறந்தானே மேடம்" என்றார் ஜெரோபின். "என்னைய எங்க தெருவுல கருவாயன்னுதான் கூப்பிடுவாவ. பேரு பாதிப் பேத்துக்குத் தெரியாது."

"பஸ்ல கத்துன பசங்கள்லயும் பாதிப் பேரு அதே நெறந்தானுங்க. அதனால வலி ஒண்ணும் கொறையலீங்களே."

"அப்ப ஏன் சொன்னீரு?" வரதன் ஜெரோபின் பக்கம் திரும்பினார். "ஒரு வருஷமா மேடம் மேடம்னு இருந்தவரு, நேத்து மட்டும் என்ன?"

ஜெரோபின் தயங்கினார். "சொன்னா சிரிப்பீங்க சார்."

"சொல்லும்."

"கீழ மாட்டிக்கிட்ட ஆளப் பேரு சொல்லிக் கூப்பிடப்பிடாது. எங்க அப்பா படிச்சுப் படிச்சுச் சொல்லுவாரு. நல்ல பேரு, மரியாதையான பேரு கேட்டா கடல் வச்சுக்கிடும். கேவலமாத்தான் கூப்பிடணும். வேண்டாத சாமான்னு நெனச்சு அதுவா மேல தள்ளிரும்." அவர் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். "எந்தம்பி ஒரு தடவ மாட்டுனான். அவன என்னென்ன வஞ்சேன்னு இந்தப் பிள்ளைய முன்னாடி வச்சுச் சொல்ல முடியாது. வந்துட்டான். நேத்து மேடம் வரமாட்டேன்னுட்டாவ. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வாயில என்ன வந்துச்சோ அதச் சொன்னேன்."

வரதன் மூடிய பேனாவை மேசையில் ஒருமுறை உருட்டினார்.

"நம்பறீங்களா?" என்று வரதன் அதியாம்போவைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. எனக்கு வலிச்சது எனக்குத் தெரியும். அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு உங்க மிஷின்தான் சொல்லோணும். அதுக்குத்தானே கழுத்துல கட்டியுட்டிருக்கீங்க."

"மிஷின் சொல்லிருச்சு. எழுபத்தொண்ணு." வரதன் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கோமதியைத் தவிர மூன்று பேர் இருக்கும் அறை. பேனா தாளைத் தொட்டது. ஜெரோபினின் பெயரில் முதல் எழுத்து விழுந்தது.

"சார்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சார், பூஜ்யம் தப்பு."

"என்னம்மா?"

"அண்ணாச்சியோட பூஜ்யம் தப்பா எடுத்திருக்கு. அவர் சாதாரணமாப் பேசல. வாசிச்சாரு. பயமும் கோபமும் இழிவும் தொண்டைய ஒரே மாதிரிதான் சார் இறுக்கும். பூஜ்யம் சரியா இருந்தாத்தான் மானியால அதப் பிரிக்க முடியும்."

"யார் எடுத்தது?"

"நான்தான்."

வரதன் அவளையே பார்த்தார். ஒரு வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"இப்ப புதுசா எடுக்க முடியாது. நடந்ததுக்குப் பிறகு எடுக்கிறது செல்லாது."

"எடுக்க வேண்டாம் சார். பூஜ்யத்துல சந்தேகம்னா பொதுப் பூஜ்யம் கணக்கிடலாம்னு விதியில இருக்கு. போன ஒரு வாரம் மேடையில எல்லாரும் பேசுனது பதிவுல இருக்கு. பட்டியல எடுத்துட்டு, எல்லாச் சொல்லையும் அளந்தா, மனுஷங்க சாதாரணமாப் பேசறது எப்படின்னு வந்துரும். அதோட வச்சுப் பாக்கலாம்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"படகு நாலு மணிக்கு." அவர் யோசித்தார். "எல்லாரும் பேசுனதும் அளக்கப்படும். நான் பேசுனது, நீ பேசுனது, எல்லாம். நாப்பதத் தாண்டுனா மானி தானா எழுதிரும். யார்னாலும் அதே விதிதான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்" என்றாள் கோமதி. தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

*

மானி அறைக்கு வெளியே நடையில் ஒரு பெஞ்சு உண்டு. ஜெரோபின் ஒரு முனையில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து அதியாம்போ வந்து மறு முனையில் உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது. திரையில் வாக்கியங்கள் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. கோமதி அவற்றைப் பார்த்தபடி பேச்சைக் கேட்டாள்.

"ஒங்களுக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியாது மேடம்."

"தெரியாதுங்கறது சரி. இப்பத் தெரிஞ்சுருச்சுல்ல?"

"தெரிஞ்சுட்டு."

"அடுத்த தடவ நான் மாட்டிக்கிட்டா?"

ஜெரோபின் திறந்த கதவு வழியே திரையைப் பார்த்தார்.

"பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேன் மேடம். என்னைய வேலைய விட்டுத் தூக்குனாலும் சரி. எங்க அப்பா சொன்னத மீற மாட்டேன்."

"அப்ப வேற கேவலமான பேரா வச்சுக்கங்க. அது மட்டும் வேண்டாம்."

"வேற என்ன..." ஜெரோபின் அவரை ஓரக்கண்ணால் பார்ப்பது கோமதிக்குத் தெரிந்தது. அதியாம்போ தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார். "மொட்டச்சின்னா?"

அதியாம்போ தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அது கேவலமாங்க?"

"எங்க ஊர்ல ரொம்பக் கேவலம் மேடம்."

"எங்க ஊர்ல இதுதானுங்க அழகு. சரி, வச்சுக்கங்க. கடலுக்குத் தமிழ்தானே தெரியும்."

ஜெரோபின் சிரிக்க ஆரம்பித்து, கழுத்துப் பட்டை நினைவுக்கு வந்ததுபோல் அதைத் தொட்டுப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மணி இரண்டரை.

மூன்று மணிக்கு அடிவானத்தில் படகு தெரிந்தது. மூன்றேகாலுக்கு மேடையின் காலருகே வந்து நின்றது. திரையில் எண்பத்தெட்டு சதவீதம். வரதன் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். ஜெரோபின் போய்த் தன் பையைக் கட்டிக்கொண்டு வந்து பெஞ்சின் அடியில் வைத்தார்.

மூன்று ஐம்பதுக்குக் கணக்கு முடிந்தது.

கோமதி ஜெரோபினின் வாக்கியத்தைப் பொதுப் பூஜ்யத்தோடு வைத்தாள். பயம், மானி காட்டக்கூடிய உச்சத்தில். இழிவு, நான்கு.

நான்கு. அவளுக்கு மூச்சு வந்தது. சத்தமாகச் சொல்லத் திரும்பினாள். அதற்குள் திரையின் அடியில் ஒரு சிவப்பு வரி வந்து நின்றது. நாற்பதைத் தாண்டிய வாக்கியம்.

இன்று காலை ஏழு நாற்பது. சாப்பாட்டுக்கூடம். கேட்டவர்: அதியாம்போ. சொன்னவர்: கோமதி.

நீங்க உக்காருங்க மேடம். எனக்கு வேலை இருக்கு.

நாற்பத்தாறு.

கூச்சத்தை மானி தப்பாக எடுத்திருக்கிறது என்று நினைத்தாள். பயத்தை எடுத்துக்கொண்டது போல. சோதித்துப் பார்க்க அவளுக்குத் தெரியும். அதே வாக்கியத்தை அந்த வாரம் வேறு யாரிடமெல்லாம் சொன்னோம் என்று தேடினாள். திங்கட்கிழமை, வரதனிடம்: மூன்று. புதன், மணிலாக்காரச் சமையல்காரரிடம்: இரண்டு. அன்றே, ஜெரோபினிடம்: ஐந்து. அதே சொற்கள், அதே குரல், அதே கூச்சம். அதியாம்போவிடம் நான்கு முறை. முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பத்தாறு.

அந்தச் சொற்களில் ஒன்றுகூட எந்த மொழியின் பட்டியலிலும் இல்லை. ஒரு வருடமாக மானி அவளுக்காக விழித்துக்கொண்டதே இல்லை.

அவள் கண் குப்பைக்கூடைக்குப் போனது. இரண்டு பஞ்சு உறைகள். கூடையில் வேறு எதுவும் இல்லை. ஜெரோபின் கழற்றியதைத் துடைக்காமல் அப்படியே தன் காதில் மாட்டிக்கொண்டது இப்போதுதான் உறைத்தது.

"என்னம்மா ஆச்சு?" வரதன் வாசலில் நின்றார்.

"நாலு சார். அண்ணாச்சிக்கு நாலுதான்."

ஜெரோபின் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை. வரதன் அவர் தோளைத் தட்டினார். "போம், போய்க் குளியும்வே" என்றார். படகுக்காரருக்குச் சொல்ல நடையின் கோடிக்குப் போனார்.

திரை கோமதியைப் பார்த்தபடி இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. வரியைக் குறித்து ஒரு விசையை அழுத்தினால், அளவுப் பிழை என்று போய்விடும். அதற்கான அதிகாரம் இந்த மேடையில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

அதியாம்போ உள்ளே வந்தார். "தேங்க்ஸுங்க. நீங்க பேசலீன்னா அந்தாளு போயிருப்பாரு." சற்று நின்றார். "வேற ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

கோமதி விசையின் மேல் விரலை வைத்திருந்தாள். பிறகு விரலை எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அதியாம்போ படித்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று கோமதி காத்திருந்தாள். வரவில்லை. அவர் மேசையின் மேலிருந்த காதொலிப்பானை எடுத்து, வெளுப்பாக இருந்த புதுப் பஞ்சை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அதே இடத்தில் திரும்ப வைத்தார்.

"மிஷின் சொல்லலீன்னா இத என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

"கூச்சம்னு."

"நானும் அப்படித்தானுங்க சொல்லிக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும்."

நடையின் கோடியிலிருந்து வரதனின் குரல் வந்தது. "கோமதி, படகைக் காலியாப் போகச் சொல்லிரவா?"

கோமதி எழுந்தாள். நடையில் ஜெரோபின் இருந்தார், துடைப்பத்தோடு ஒருவர் நின்றார், அதற்கப்பால் இன்னும் இரண்டு பேர். அவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்படி அவள் யாரையும் கூப்பிட்டதில்லை.

"வேண்டாம் சார்" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு ஆள் இருக்கு."